கத்தரிக்காய் மூட்டையும் மகளின் பள்ளிக்கூடமும்

1

மஸ்கட்டில் எனக்கு என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால், காய்கறிக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு என்று சொல்வேன். கேட்டவர் மரியாதையாகத் தலையாட்டுவார். உள்ளதைச் சொன்னால், பெட்டிகளின் அடியில் கையை விடுவதுதான் என் வேலை. ஒட்டன்சத்திரத்தில் லாரி ஏறி, கேரளத்தில் விமானம் ஏறி வரும் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் சின்ன வெங்காயமும் விடிகாலையில் எங்கள் குளிர்கிடங்குக்கு வந்து சேரும். பெட்டியின் மேல் வரிசை எப்போதும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருக்கும். அதை நான் ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன். முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை எடுத்துப் பார்ப்பேன். அழுகல் இருந்தால் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். இதையே செய்து செய்து, இப்போது விசேஷ வீட்டில் தட்டை நீட்டினால்கூட அடியில் இருக்கும் வடையைத்தான் உருவுகிறேன். என் மனைவி மெகருன்னிசா பலமுறை காலை மிதித்திருக்கிறாள்.

இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருடம் நிறைந்த வெள்ளிக்கிழமை, மெகர் ஒரு கேக் வாங்கி வைத்தாள். கீழ்த்தளத்து மலையாளிக் கடையில் வாங்கியது. நான் அதைக் கிடைமட்டமாக வெட்டப் போனேன். அடி எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா. மெகர் கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். அந்தக் கலவரம் அடங்கியதும் சபீனா வாயைத் திறந்தாள்.

"அத்தா, பத்தாவது முடிஞ்சதும் நான் ஊர்ல படிக்கிறேன். திண்டுக்கல்லுல. கேர்ல்ஸ் ஸ்கூல், ஹாஸ்டல்."

சபீனா எங்களுக்கு ஒரே மகள். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்கு உரிய வார்த்தைகளில் பாதியை ஒரே மூச்சில் செலவழித்துவிட்டாள்.

"ஏன்த்தா, இங்க என்ன குறை?" என்றேன். மகளைக் கொஞ்சும்போது அவளையே அத்தா என்று கூப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

"இங்க எனக்கு மூணு பிரெண்டு. அதுல ரெண்டு பேரு இந்த வருஷம் விசா கேன்சல் பண்ணிட்டுப் போறாங்க. போன வருஷமும் ரெண்டு பேரு போனாங்க. எல்லாருக்கும் பை பை கார்டு வரைஞ்சு வரைஞ்சு எனக்கு டிராயிங்தான் நல்லா வந்துருக்கு."

"சரி, அதுக்கு எதுக்கு கேர்ல்ஸ் ஸ்கூலு?"

"கிளாஸ்ல டீச்சர் கேள்வியை முடிக்கவே இல்ல, பசங்க கத்திடுறாங்க. தப்பான பதிலா இருந்தாலும் சத்தமாச் சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்ச பதிலெல்லாம் எனக்குள்ளயே கிடக்கு."

ஊரிலிருந்து இதைப் படிக்கும் நீங்கள் எதிர்பார்த்தது எனக்குத் தெரியும். பாய் வீடு, வளர்ந்த பெண், அப்பன்காரன் பெண்கள் பள்ளிக்கூடம்தான் என்று ஒற்றைக் காலில் நிற்பான், பிள்ளை அழும். எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ். பிள்ளை ஒற்றைக் காலில் நின்றது. அழுகிற நிலைமையில் இருந்தது நான்.

"பாக்கலாம்" என்றேன்.

வளைகுடாவில் பிள்ளை வளர்க்கும் தகப்பன்களுக்கு இது ஒரு பெரிய ஆயுதம். நாய்க்குட்டி வேண்டும், பாக்கலாம். மலைக்கு டூர் போக வேண்டும், பாக்கலாம். இரண்டு வருட விசா இரண்டு தடவை புதுப்பிப்பதற்குள் பிள்ளை கேட்டதை மறந்துவிடும். சபீனா மறக்கவில்லை. மறுநாள் காலை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தனியார் பெண்கள் பள்ளிகள் மூன்றின் பெயர், தொலைபேசி எண், விடுதி உண்டா இல்லையா. எல்லாம் அவளே விசாரித்தது.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். மூன்றையும் நேரில் போய் நானே பார்ப்பேன். அடிவரைக்கும் பார்ப்பேன். அதில் தேறினால் சேர்க்கிறேன். பதினெட்டு வருடத்தில் என் கைக்கு அழுகல் சிக்காத பெட்டி ஒன்றுகூட வந்ததில்லை என்கிற தைரியத்தில்தான் அப்படிச் சொன்னேன். மெகர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

2

ஒரு பிள்ளையை ஒரு நாட்டுக்குள் கொண்டுவர எத்தனை காகிதம் வேண்டுமோ அதே அளவு காகிதம் வெளியே கொண்டுபோகவும் வேண்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழில் பள்ளி முத்திரை. அந்த முத்திரை உண்மைதான் என்று கல்வி அமைச்சகத்தின் முத்திரை. அமைச்சக முத்திரை உண்மைதான் என்று இன்னொரு அலுவலக முத்திரை. அதற்கு மேல் நம் தூதரகத்து முத்திரை. கடைசியில் சபீனாவின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நான்காவது கவுண்டரில் இருந்த அலுவலர் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்து, "வெளியேறும் காரணம் எழுதலையே" என்றார்.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர். "மேற்படிப்பு" என்று எழுதினேன்.

ஊர் வந்ததும் அக்கா வீட்டில் இறங்கினோம். பத்து நிமிடத்தில் எங்கள் குட்டு வெளிப்பட்டுவிட்டது. இலையில் அக்கா இன்னொரு கரண்டி போடப் போனபோது சபீனா, "மதி மாமி, மதி" என்றாள். மஸ்கட்டில் பரிமாறுகிறவர் எல்லோரும் மலையாளிகள் என்பதால் அங்கே பிள்ளைகளுக்குப் போதும் என்பதற்கு அதுதான் சொல். நான் மட்டும் யோக்கியமா? நகல் எடுக்கும் கடையில் வேலை முடிந்ததா என்பதற்கு அரபியில் "கலாஸ்?" என்று கேட்டேன். கடைக்காரர் நகலோடு ஒரு சிரிப்பையும் சேர்த்துக் கொடுத்தார். "பாய், துபாயா?" என்றார். மஸ்கட் என்று திருத்தியதற்கு, "எல்லாம் ஒண்ணுதான" என்றார்.

விண்ணப்பத்தை மெகர்தான் நிரப்பினாள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு கட்டமாக எட்டோ ஒன்பதோ கட்டங்கள். தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர் என்று நான் சொல்லச் சொல்ல அவள் கட்டங்களை எண்ணிப் பார்த்தாள். பிறகு "காய்கறி" என்று எழுதி மூடிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சண்டை போடக் கட்டம் இல்லை.

3

எங்களைக் காரில் அழைத்துப்போனது அக்காவின் வீட்டுக்காரர் காதர் மச்சான். பிரியாணிக் கடை வைத்திருப்பவர். வாராவாரம் அய்யலூர் சந்தைக்குப் போய் ஆடு பிடிப்பவர். அவருக்கும் ஒரு முறை உண்டு.

"மாப்ளே, விக்கிறவன் வாயைப் பாக்கவே கூடாது. பக்கத்துல சும்மா நிக்கிறான் பாரு, அவன்ட்ட கேக்கணும். அப்புறம் முதுகெலும்புல கைய வச்சு ஒரு அமுக்கு. அம்புட்டுதான்."

"பள்ளிக்கூடத்துக்கு முதுகெலும்பு எங்க இருக்கு மச்சான்?"

"அதத்தான் இன்னைக்குப் பாக்கப் போறோம்."

முதல் பள்ளி பைபாஸ் ஓரத்தில் இருந்தது. முழுக்கக் கண்ணாடி. வரவேற்பறையில் சோபா, மீன் தொட்டி, சுவரில் முதலிடம் பிடித்த பெண்களின் படங்கள். முதல்வர் அம்மா எங்களை உட்கார வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் பெட்டியின் மேல் வரிசை. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து, மாணவிகளுக்கான குழாய் எங்கே என்று தேடிப் போனேன். பத்துக் குழாய்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஏழில் காற்று வந்தது. என் மனதில் ஒரு பாட்டு எழுந்தது. முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். மச்சான் அதற்குள் எதிர்க்கடைக்காரரிடம் விசாரித்து முடித்திருந்தார்.

"கணக்கு வாத்தியாரம்மா இந்த வருஷம் மூணாவது ஆளாம்" என்றார் காரில்.

"கலாஸ்" என்றேன். சபீனா தன் தாளில் முதல் பெயரை அடித்தாள்.

இரண்டாவது பள்ளி ஊருக்குள்ளேயே. பழைய பள்ளி, நல்ல பெயர். இங்கே குழாயில் தண்ணீர் வந்தது. கழிவறை சுத்தம் என்று மெகர் பார்த்துவந்து சொன்னாள். நான் விடாமல் மாடி ஏறினேன். மாடியில் நூலகம் என்று பலகை தொங்கியது. கதவில் நம்மூர்த் திண்டுக்கல் பூட்டு, கைக்கு அடங்காத பெரியது. பூட்டு நல்ல பூட்டுதான். ஆனால் சாவித் துவாரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. குளவி ஒரே நாளில் அத்தனை பெரிய கூடு கட்டாது. நான் அதைக் கைப்பேசியில் படம் எடுத்தேன். நாலு கோணத்தில் எடுத்தேன். மெகரிடம் காட்டினேன், மச்சானிடம் காட்டினேன், தெருவுக்கு வந்த பிறகு இன்னொரு தடவை மெகரிடம் காட்டினேன்.

காரில் ஏறியதும் சபீனா இரண்டாவது பெயரையும் அடித்தாள். பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்.

"அத்தா, நீங்க ஸ்கூல் பாக்கல. அழுகல் பாக்குறீங்க."

"அதான்த்தா என் வேலை."

"பெட்டில நல்ல காயும் இருக்கும்ல. அத என்ன பண்ணுவீங்க?"

அதைக் கடைக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். மெகர் முன் இருக்கையில் மச்சான் இருப்பதையும் பார்க்காமல் திரும்பி, "உங்களுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காம இல்லங்க. பிடிச்சுப் போயிருமோன்னு பயம்" என்றாள். மச்சான் ஹாரனை அடித்தார். தெருவில் யாருமே இல்லை.

அவள் சொன்னது உண்மை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கையைக் கழுவினாலும் எனக்கு வெங்காய வாடை போகாது. சபீனா சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் கையை முகர்ந்து பார்த்து, இன்றைக்கு என்ன சரக்கு வந்தது என்று கண்டுபிடிப்பாள். இப்போது முகர்வதில்லை, தூரத்திலிருந்தே "முருங்கைக்காய்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டுவாள். எனக்கு அந்த ஒற்றைச் சொல் போதும். அது இல்லாமல் அந்த இரண்டு அறை வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று எனக்குத் தெரியவில்லை. இதை மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால்தான் குளவிக் கூட்டைப் படம் எடுத்தேன்.

4

மூன்றாவது பள்ளி நிலக்கோட்டை போகும் வழியில், மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. கன்னியாஸ்திரீகள் நடத்துவது. மதில் நல்ல உயரம். வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். அம்மாவும் பிள்ளையும் உள்ளே போகலாம் என்று எழுந்து நின்று வழிவிட்டார். நான் பின்னால் போனேன். கையை நீட்டித் தடுத்தார்.

"ஏனுங்க, ஆம்பளைங்க உள்ள போகக் கூடாதுங்க."

"நான் பிள்ளையோட அத்தா."

"அத்தாவும் ஆம்பளைதானுங்க. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, அந்தா அந்த ஹாலு, அதுவரைக்கும் வரலாமுங்க. எனக்கே உள்ள வேலை கிடையாதுங்க. பதினோரு வருசமா இந்த ஸ்டூலுதான்."

மெகர் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சபீனாவும் அவளும் வேப்பமர வரிசைக்குள் நடந்து மறைந்தார்கள்.

மச்சான் எதிரே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். அங்கே ஏற்கெனவே நாலைந்து தகப்பன்மார் இருந்தார்கள். பக்கத்தில் சும்மா நிற்கிறவர்களாகவே அமைந்ததில் அவருக்குத் திருப்தி. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேல் வரிசையைக்கூடப் பார்க்க விடாத பெட்டியை வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். மதிலை ஒட்டி நடந்தேன். எந்த மதிலுக்கும் பின்பக்கம் ஒரு வாசல் இருந்தே தீரும், சாப்பாடு அந்த வழியாகத்தான் போகும்.

இருந்தது. ஒரு லோடு ஆட்டோ நின்றது. ஓட்டுநரைக் காணவில்லை. கதவருகில் நாலைந்து சாக்குமூட்டைகளை இறக்கிப் போட்டிருந்தார்கள். என் கால் தானாக நின்றது. கையும் தானாகப் போயிற்று. முதல் மூட்டையின் வாயைப் பிரித்து முழங்கை வரை உள்ளே விட்டேன். கத்தரிக்காய்.

"ஏப்பா, அங்க என்ன துழாவுற? எடுத்து உள்ள வை. உலை கொதிக்குதுல்ல."

கதவுக்குள் ஒரு அம்மா இடுப்பில் கையை வைத்து நின்றார். விடுதிச் சமையலுக்குத் தலைவர். ஞானம்மா என்று பிறகு தெரிந்தது. நான் அந்த ஆள் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் மஸ்கட்டில் முதல் நாள் யாரோ ஒருவர் மூட்டையைக் காட்டி எடு என்றபோது எப்படி எடுத்தேனோ அப்படியே எடுத்துத் தோளில் வைத்தேன். ஒரு கத்தரிக்காய் மூட்டையின் தயவால் நான் அந்தப் பெண்கள் பள்ளிக்குள் நுழைந்தேன்.

சமையற்கட்டு விசாலமாக இருந்தது. மூட்டையை இறக்கியதும் அடியில் பார்க்கலாம் என்று மறுபடி கையை விடப் போனேன். ஞானம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"இதென்ன பழக்கம்? கைய விட்டா நாலு காயிதான் ஆம்புடும். இங்க அப்படி இல்ல அப்பு." மூட்டையை இரண்டு முனையும் பிடித்து அப்படியே தரையில் கவிழ்த்தார். மேல் வரிசை, அடி வரிசை எல்லாம் ஒன்றாய் உருண்டது. "முழுசாக் கொட்டிப் பாத்துத்தான் வாங்குறது. சொத்தையெல்லாம் அந்தக் கூடையில போடு. உங்க ஓனர்ட்டத் திருப்பிக் குடு."

இந்த யோசனை எங்கள் கம்பெனியில் யாருக்கும் வந்ததில்லை. குந்தி உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன்.

பொறுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தபோதுதான் உணவுக்கூடம் தெரிந்தது. நடுவில் ஏணி போட்டு ஒரு பெண் உச்சியில் நின்று டியூப் லைட் மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் ஏணியைப் பிடித்திருந்தார்கள். ஆறேழு பேர் கீழே நின்று ஆளுக்கொரு யோசனை கத்தினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், அதில் பாதி தப்பான யோசனை, அதையும் சத்தமாகத்தான் சொன்னார்கள். விளக்கு எரிந்ததும் மேலே இருந்தவள் இறங்காமல் அங்கேயே நின்று கைதட்டு வாங்கிக்கொண்டாள்.

"விழுந்துறப் போகுதும்மா" என்றேன். "ஆளு யாரும் இல்லையா?"

"ஆளுதான் ஏணியில நிக்கிறாளே" என்றார் ஞானம்மா. "இங்க ஆம்பளை யாரு இருக்கா? மணி அடிக்கிறது, பெஞ்சு தூக்குறது, மோட்டாரு போடுறது, எல்லாம் இதுகதான். வந்த புதுசுல பாதி பூனைக்குட்டி மாதிரி இருக்கும். ஒரு வருசம் போனா எங்கிட்டயே சாம்பாருல புளி கூடன்னு சட்டம் பேசும்."

மஸ்கட் வீட்டில் எங்கள் சாப்பாட்டு அறை விளக்கு இரண்டு மாதமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மாற்றுகிறேன் என்று சபீனா நாற்காலியை இழுத்தாள். வேண்டாம்த்தா, கட்டட வாட்ச்மேனைக் கூப்பிடலாம் என்றேன். அவர் வரவில்லை. அந்த விளக்கு அப்போதும் சிமிட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

வெள்ளை அங்கியில் ஒரு சிஸ்டர் உள்ளே வந்தார். தலைமையாசிரியை. என்னைப் பார்த்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏம்ப்பா, போன வாரம் முருங்கைக்காய் பூரா முத்தல். பிள்ளைங்க மென்னு மென்னு துப்புச்சுங்க. சொன்னா கேக்க மாட்டீங்களா?"

யாரோ ஒரு காய்கறிக்காரருக்காக நான் எழுந்து நின்று, "மன்னிக்கணும் சிஸ்டர், இனிமே பாத்து அனுப்புறோம்" என்றேன். முருங்கையை முறுக்கிப் பார்த்து வாங்க வேண்டும், வளையாமல் நின்றால் முத்தல் என்றும் விளக்கினேன். அவர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். சரியாக அந்த நேரத்தில் பள்ளியைச் சுற்றிக் காட்டும் ஆசிரியை ஒருவரோடு மெகரும் சபீனாவும் உணவுக்கூடத்துக்குள் வந்தார்கள்.

மெகர் என்னைப் பார்த்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டு, தோளில் சாக்குத் தூசியோடு, கையில் இரண்டு சொத்தைக் கத்தரிக்காயோடு நின்றேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மறைத்தது அழுகையா சிரிப்பா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இப்போதும் அவள் சொல்வதில்லை.

"அத்தா?" என்றாள் சபீனா.

சிஸ்டர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உன் அத்தாவா?" என்று கேட்டுவிட்டு, ஆசிரியை கையிலிருந்த விண்ணப்பத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.

"காய்கறின்னுதான் போட்டிருக்கு" என்றார்.

வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன். மஸ்கட், குளிர்கிடங்கு, பெட்டியின் அடி, குழாய், குளவிக் கூடு எல்லாம். வாட்ச்மேன் மேல் தப்பில்லை என்றும் சொன்னேன். ஞானம்மா சொத்தைக் கூடையைத் தூக்கி ஒரு தடவை என்னைப் பார்த்தார், வேலைக்காரனைப் பார்க்கிற பார்வை போய்விட்டிருந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சிஸ்டர் திட்டுவார் என்று நின்றேன்.

"சரி, வந்தது வந்துட்டீங்க. பாக்குறதையும் பாத்துட்டீங்க" என்றார். "அடியில எப்படி இருக்கு? சொல்லிட்டுப் போங்க. நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்."

ஒரு வார்த்தை போதும். கூடையில் சொத்தை கிடந்தது, அதைக் காட்டியிருக்கலாம். ஏணியைக் காட்டியிருக்கலாம், பிள்ளைகளை உசரத்தில் ஏற்றுகிறீர்களே என்று குரலை உயர்த்தியிருக்கலாம். மெகர் நம்ப மாட்டாள், ஆனால் எதிர்த்தும் பேச மாட்டாள். சபீனா தாளில் மூன்றாவது பெயரையும் அடித்துவிட்டு எங்களோடு விமானம் ஏறுவாள். தூரத்திலிருந்தே முருங்கைக்காய் என்று சொல்வாள். இன்னும் இரண்டு வருடம் எனக்குக் கிடைக்கும்.

சபீனா என்னைப் பார்க்கவில்லை. ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல சரக்கு சிஸ்டர்" என்றேன். "அடிவரைக்கும் நல்ல சரக்கு." குனிந்து மீதிக் கத்தரிக்காயைப் பொறுக்கினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது மச்சான் மூன்று டீ குடித்து முடித்து, ஐந்து தகப்பன்மாரிடம் விசாரித்திருந்தார். "மாப்ளே, எல்லாம் நல்லாத்தான் சொல்றாக. ஒரே ஒரு குறைதானாம், நம்மள உள்ள விட மாட்டாகளாம்" என்றார்.

5

சபீனாவை விட்டுவிட்டு வந்து மூன்று மாதம் ஆகிறது. சாப்பாட்டு அறை விளக்கை நானே மாற்றினேன். மெகர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள், தப்பான யோசனைகளும் சொன்னாள். கிடங்கில் இப்போது நான் பெட்டிகளைக் கவிழ்த்துத்தான் பார்க்கிறேன். வேலை இரண்டு மடங்காகிவிட்டது என்று உடன் வேலை செய்பவர்கள் என்னைத் திட்டுகிறார்கள். எங்கே படித்தாய் இதை என்று மேலாளர் கேட்டார். பெண்கள் பள்ளியில் என்றேன்.

விடுதியில் கைப்பேசி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாலை அலுவலகத் தொலைபேசியில் ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம். இங்கே அது வேலைநாள், வேலை முடிந்து ஓடி வந்து மூச்சு வாங்க உட்காரவும் மணி அடிக்கவும் சரியாக இருக்கும். முதல் வாரங்களில் அவள் வழக்கம்போல இருபது வார்த்தைதான் பேசினாள். மீதி நேரத்தில் நாங்கள் இருவரும் மாறி மாறி, சாப்பிட்டியா, சாப்பிட்டியா என்று கேட்டோம்.

போன ஞாயிறு எடுத்தவுடன் சொன்னாள். "அத்தா, நேத்து கத்தரிக்காய் வெஞ்சனத்துல புழு இருந்துச்சு."

அல்லா என்னை மன்னிக்க வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கை தானாக மெகரின் கைப்பேசியை எடுத்து விமான டிக்கெட் பார்க்கிற பக்கத்தைத் திறந்துவிட்டது. "அப்படியா?" என்றேன், முடிந்த அளவு சோகமாக. "நாந்தான் சொன்னேனேத்தா. கிளம்பி வந்துடுறியா? அத்தா வந்து கூட்டிக்கிறேன்."

"எதுக்கு வரணும்?" என்று சிரித்தாள். "இந்த மாசம் மெஸ் கமிட்டில நான்தான் அத்தா. மூட்டையக் கொட்டிப் பாத்ததே நான்தான். ஒண்ணே ஒண்ணு விட்டுட்டேன். ஞானம்மாக்கா அத எல்லாருக்கும் காட்டி, காய்கறிக்காரர் மக இப்படிப் பாக்கலாமான்னு மானத்த வாங்குறாங்க. நானும் விடல. சாக்குக்குள்ளயே ஈரம் இருந்துச்சு, உங்க அளவுக்கு எனக்கு இன்னும் கை பழகலன்னு சொன்னேன். அதுக்கு அவங்க…"

அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் வார்த்தைகளை எண்ணுவதை எங்கேயோ விட்டுவிட்டேன். திடீரென்று பின்னால் யாரோ அவள் பேரைச் சொல்லிக் கத்துவது கேட்டது, கூடவே நாலைந்து குரல்கள். "வாரேன், வாரேன். ஏணிய நான் வந்து பிடிக்கிறேன், ஏறிறாதீங்கடி" என்று இவள் பதிலுக்குக் கத்தினாள். என் மகள் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அத்தா, வைக்கிறேன். அம்மாட்ட சொல்லிருங்க." இணைப்பு அறுந்தது.

மெகர் சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "என்கிட்டயும் குடுங்க. வச்சுட்டாளா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"பத்துல இன்னும் மூணு நிமிஷம் இருக்கு" என்றேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த மூன்று நிமிடமும் முடிகிற வரைக்கும் நான் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.